பொங்காத கல்

ஜனவரி 2

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோவம் வருமா உங்களுக்கு?"

"வராதுங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி பூங்கோதை சிரித்த சிரிப்பில், வரிசையில் இருந்த கர்ப்பிணிப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோவம் வந்தா கத்தாதீங்க. ஒரு நோட்டுல எழுதுங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதி இறங்கிடும்" என்றார் டாக்டரம்மா.

உரக்கடையில் கொடுத்த டைரி வீட்டில் சும்மாதான் கிடந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று முறை எழுதியவன் நான். எழுதுவது பழக்கம்தான், பாஸ் ஆவதுதான் பழக்கமில்லை. முதல் பக்கத்தில் பெயர் கேட்டிருந்தது: கொளஞ்சிநாதன். தொழில்: கல் பார்ப்பது. ரத்த வகை என்ற இடத்தில், நான் பேனாவை எடுப்பதற்குள் இலக்கியா 'கொதிக்கும் வகை' என்று எழுதிவிட்டாள்.

இலக்கியா என் ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு. என்னை மாதிரி அவளுக்குக் கொதிப்பதில்லை. எது சொன்னாலும் 'ம்' என்பாள். அந்த ஒரு 'ம்'முக்குப் பத்து அர்த்தம் உண்டு. எனக்கு இரண்டு தெரியும்.

ஜனவரி 7

வேலையில் புதிதாக வந்த இன்ஜினியர் பையன், "அண்ணே, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டான். கத்தவில்லை. எழுதுகிறேன்.

கல் பார்ப்பது என்றால் பெண் பார்ப்பது மாதிரி பஜ்ஜி சொஜ்ஜி கிடைக்கிற வேலை இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்துப் புழுதி அடங்கியதும், கையில் சின்ன ஆசிட் பாட்டிலோடு நான் இறங்குவேன். கல்லில் ஒரு சொட்டு. நுரைத்துப் பொங்கினால் நல்ல கல், கிரஷருக்குப் போகும். பொங்காவிட்டால் வேஸ்ட், லாரி லாரியாக மேட்டில் போய்க் கொட்டுவார்கள். இத்தனை வருஷமாக உலகத்தையே இப்படித்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பொங்குவது, பொங்காதது. இதற்கு என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது?

பாதி இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா கெட்டிக்காரி.

ஜனவரி 10

இன்றைக்குக் கோபம் இல்லை. சந்தோஷத்தையும் எழுதலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை.

இலக்கியாவின் அறிவியல் வாத்தியார் தேவசகாயம் சார், மாவட்டக் கண்காட்சிக்கு அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார். மழை விட்டதும் ஓடைக்கரையில் குனிந்துகொண்டே திரிவாளே, பொழுதுபோகாமல் பொறுக்குகிறாள் என்று நினைத்தேன். பல் பொறுக்கியிருக்கிறாள்!

"இங்க கடல் இருந்துச்சுப்பா. சுறா இருந்துச்சு. அது பல்லு விழுந்து விழுந்து முளைக்கும். விழுந்ததெல்லாம் மண்ணுல கெடக்குது."

"அரியலூர்ல கடலா? குடிக்கிற தண்ணிக்கே லாரி வரணும் பாப்பா."

"உன் சுண்ணாம்புக்கல்லே கடல்லேருந்து வந்ததுதான்."

பல்லைப் படம் எடுத்து அவள் அம்மாவின் போனிலிருந்து வாத்தியாருக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் அசந்துபோனாராம். பெருமையில் எனக்குத் தலை கூரையில் இடித்தது. மரப்பெட்டி ஒன்று நானே செய்து தருகிறேன், நடுவில் தடுப்பு வைத்து, பஞ்சு போட்டு, நகைக்கடைப் பெட்டி மாதிரி என்று சொல்லிவிட்டேன்.

அவளிடம் இரண்டு டப்பா இருக்கிறது, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. எது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று என்னமோ விளக்கினாள். நான் வாயில் ஆணியை வைத்துக்கொண்டு பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜனவரி 14, போகி

இலக்கியா பொங்கலுக்கு ஜெயங்கொண்டத்தில் அவள் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டைக் கழுவி, பழைய பாயையும் கிழிந்த கோணியையும் வெளியே போட்டோம். பெட்டியும் தயார். பல்லை அடுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பச்சை டப்பாவைத் திறந்தால் ஏமாற்றம். பழுப்பும் கறுப்புமாக, கருகிய வேர்க்கடலைத் தோல் மாதிரி சில்லுகள். சிவப்பு டப்பாதான் டப்பா! வெள்ளை வெளேரென்று, பளிச்சென்று, நுனி கூர்கூராக, பற்பசை விளம்பரத்தில் வருகிற பல்லே தோற்றது. குழந்தை நல்லதையும் கெட்டதையும் கலந்து பொறுக்கியிருக்கிறது. அவளுக்கு என்ன சர்வீஸா இருக்கிறது?

அப்பன் எதற்கு இருக்கிறேன். ஆசிட் பாட்டிலை எடுத்தேன். வெள்ளையில் ஒரு சொட்டு விட்டதும் சொய்யென்று பொங்கியது. பழுப்புச் சில்லில் விட்டால் செத்த பிணம் மாதிரி கிடக்கிறது. சிவப்பு டப்பாவிலும் நகம் பட்டால் கீறல் விழுகிற சோப்புக்கல் சிலது பொங்கவில்லை. பொங்கியதை மட்டும் பெட்டியில் இரண்டு பக்கமும் அழகாகப் பிரித்து அடுக்கினேன். பொங்காததை எல்லாம் வாசலில் பாத்ரூம் தளத்துக்குக் கொட்டியிருக்கிற ஜல்லியோடு வீசிவிட்டேன். பச்சை டப்பாவைக் கழுவிப் பூங்கோதையிடம் கொடுத்தேன். கடுகு போட்டு வைத்துக்கொண்டாள்.

போகிக்கு வேண்டாததைக் கழித்தாயிற்று.

ஜனவரி 15

பால் பொங்கிற்று. கிழக்குப் பக்கமாக வழிந்தது. இந்த வருஷம் நல்ல வருஷம்.

ஜனவரி 19

கொத்தனார் சின்னப்பன் ஒருவழியாக வந்து பாத்ரூம் தளம் போட்டுவிட்டுப் போனார். கலவையில் சிமெண்டை விட வெற்றிலைச் சாறுதான் அதிகம். கேட்டால், "கல்யாணத்துக்கு மண்டபமா கட்டுற? குளிக்கிற எடந்தான?" என்கிறார். ஜல்லியை மட்டும் ஒரு கல் விடாமல் வழித்துப் போட்டார். அதற்குச் சபாஷ்.

இலக்கியா பொழுது சாய்ந்து வந்தாள். பெட்டியைக் கொடுத்தேன். மூடியைக் கொண்டி போட்டு மூடியிருந்தேன். "இப்பத் தொறக்காத, பஞ்சு கலைஞ்சிடும். அங்க போயி எல்லார் முன்னாடியும் தொற." பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள். "சூப்பரா இருக்குப்பா" என்றாள். 'ம்' என்று சொல்லவில்லை. ஒரு முழு வாக்கியம்!

ஜனவரி 20

எழுதினால் பாதி இறங்குமாம். எத்தனை பக்கம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கண்காட்சிக்குப் போனேன். இலக்கியாவின் மேஜைக்குப் பின்னால் அவளே எழுதிய அட்டை: 'பல்லா? கல்லா? பிரித்தறிவது எப்படி? இடப்பக்கம் பல். வலப்பக்கம் அதைப் போலத் தோன்றும் கல்.' திருச்சியிலிருந்து கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நடுவராக வந்திருந்தார். கூடவே தேவசகாயம் சார், பெருமையாக, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

இலக்கியா கொண்டியை நீக்கி மூடியைத் திறந்தாள். பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தின் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். சபை பயம் என்று நினைத்து, 'சொல்லு சொல்லு' என்று கையைக் காட்டினேன்.

பேராசிரியர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இது கால்சைட்மா. சாதாரணக் கல்லு. நாய்ப்பல் மாதிரிக் கூரா வெளையும், பாக்குறவங்க ஏமாந்துடுவாங்க. வலப்பக்கம் சரி. இடப்பக்கமும் இதேதான வெச்சிருக்க? பல்லு எங்க?"

நாய்ப்பல்! என் மகள் வைத்திருந்ததை நாய்ப்பல் என்று சொல்லிவிட்டார், நாலு பேருக்கு நடுவில்.

தேவசகாயம் சார் பரபரவென்று தன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது சுறாப் பல்லுதான். அருமையான பல்லு. ஆனா இது இந்தப் பெட்டியில இல்லையே" என்றார்.

வாத்தியார் முகம் சுருங்கிப்போயிற்று. "இந்தப் படத்த நெட்லேருந்து எடுத்தியா?"

"இல்ல சார்."

"அப்பப் பல்லு எங்க?"

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"பிரிச்சுப் பாக்கிறது எப்படின்னு அட்டையில எழுதி வெச்சிட்டு, இப்படியா பொய் சொல்லுவ?" என்றார் வாத்தியார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பக்கத்து மேஜையில் எரிமலை செய்து வைத்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

நான் அங்கேயே பாய்ந்திருப்பேன். பாப்பா பெட்டியை மூடி என் கையில் கொடுத்து, "வாப்பா, போலாம்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அடங்கவில்லை. பேராசிரியரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குறுக்கே அவள் கேட்டாள்:

"அப்பா, பச்சை டப்பா எங்க?"

"உங்கம்மா கடுகு போட்டு வெச்சிருக்கா."

"அதுல இருந்தது?"

"அது பொங்கல பாப்பா, வேஸ்டு. ஜல்லியோட போட்டாச்சு. நல்லதா பொறுக்கி வெச்சேன், அதப் போயி அந்த ஆளு..."

"ம்" என்றாள்.

எழுந்து வாசலுக்குப் போனாள். ஜல்லி கொட்டியிருந்த இடம் கூட்டித் தெளித்துச் சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், மனசு உடைந்துவிட்டது.

ஜனவரி 21

போனேன். தலைமையாசிரியை அறைக்கே நேராகப் போனேன். நான் கத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததாகப் பூங்கோதைக்குச் செய்தி வந்திருக்கிறது.

"எம்மவ பொய் சொல்ல மாட்டா. அது பல்லு இல்லைன்னா எம்பல்லப் புடுங்கித் தர்றேன்! வாழ்நாள் முழுக்கக் கல்லு பாக்குறவன் நான், எனக்குத் தெரியாதா எது நல்லதுன்னு? ஏழை வீட்டுப் புள்ளைன்னா எளக்காரமா? நானே ஆசிட் ஊத்தி டெஸ்ட் பண்ணி அடுக்குனேன், ஒவ்வொண்ணும் எப்படிப் பொங்குச்சு தெரியுமா?"

இதைச் சொன்னதும் தேவசகாயம் சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். உண்மை சுட்டிருக்கும்.

தலைமையாசிரியை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "வாத்தியாருக்கும் புள்ளைக்கும் நடுவுல முடிய வேண்டிய விஷயம். நீங்க இவ்வளவு பெரிசாக்குனதுக்கு அப்புறம் சும்மா விட முடியாது" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பிரேயரில், மைக்கில், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் 'நான் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள்' என்று இலக்கியா சொல்ல வேண்டுமாம். சென்னை அருங்காட்சியகம் பார்க்க அழைத்துப்போகிற பிள்ளைகள் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்தாயிற்றாம்.

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். கிழவர்களுக்குச் சொன்னது அது. பதினாலு வயசுப் பிள்ளையின் சொல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஜனவரி 22

இலக்கியா சம்மதித்துவிட்டாளாம். "சொல்லிடுறேன் மிஸ்" என்றாளாம். ரத்தம் காதில் இடிக்கிறது. எழுத முடியவில்லை.

ஜனவரி 23

"பொய் சொன்னேன்னு ஏன் ஒத்துக்கிற? சொல்லு. எவனுக்குப் பயம்?"

"பயமெல்லாம் இல்லப்பா."

"அப்புறம்?"

"ஒரு நிமிஷந்தான. சொல்லிட்டு வந்துடுறேன். நீ இனிமே ஸ்கூலுக்கு வராத."

என்னால் வெட்கப்படுகிறாள் போல. அப்பன் கைலியோடு போய்விட்டேன் என்றா? அன்றைக்குப் பேண்ட்தானே போட்டிருந்தேன்.

பாத்ரூமுக்குப் போனால் வருவதற்கு வெகு நேரம் ஆகிறது. பட்டப்பகலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறாள். உள்ளே பல்பு இருக்கிறதே என்றால் 'ம்' என்கிறாள். அழுவதற்குத்தான் போகிறாள் என்று பூங்கோதை சொல்கிறாள். சத்தமே வருவதில்லை.

பூங்கோதைக்கு வேறு கவலை. "ஏங்க, புதுத் தளத்துல என்னமோ குத்துது. குதிகால்ல ரத்தம் வந்துருச்சு. சின்னப்பன வந்து பாக்கச் சொல்லுங்க." மகள் மானம் போகிறது, இவளுக்குக் குதிகால்!

ஜனவரி 24

பல்லைப் பற்றி யார் சொல்ல வேண்டும்? பல் டாக்டர். இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கே ஆச்சரியம். பெட்டியிலிருந்து அழகான வெள்ளையாக ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் போட்டு, கூப்பிட்டதும் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

"எந்தப் பல்லுங்க?"

"இந்தப் பல்லு" என்று எடுத்துக் கொடுத்தேன்.

சின்ன வயது டாக்டர்தான். கண்ணாடிக் குச்சியால் தட்டிப் பார்த்தார், விரலால் தடவினார். சிரிக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபட்டது தெரிந்தது.

"அண்ணே, இது பல்லு இல்ல. பல்லுன்னா மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்கும், அடியில சொரசொரன்னு வேர் இருக்கும். இதுல மேலயும் உள்ளயும் ஒண்ணுதான். கல்லு."

"நல்லாப் பாருங்க சார். பொங்குச்சு."

"பல்லு எதுக்குண்ணே பொங்கணும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் விளக்கை அடித்துவிட்டார். "ஆனா உங்க கடவாப்பல்லு ரெண்டு பக்கமும் தேஞ்சி கெடக்கு. தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்களா?"

பீஸ் கேட்டார். கல்லுக்கா பல்லுக்கா என்று கேட்டேன். என் பல்லுக்காம்.

பல்லு எதுக்குப் பொங்கணும். வண்டியில் வரும்போது வழியெல்லாம் இந்த ஒரு கேள்வி கூடவே வந்தது. டாக்டர்கள் எல்லாருமே ஒரு கட்சி.

ஜனவரி 25, ஞாயிறு

பூங்கோதைக்கு மறுபடி அதே குதிகாலில் குத்திவிட்டது. "ஒரு கல்லத் தட்டி எடுக்கத் துப்பில்ல, ஊரெல்லாம் போயி கல்லுக்காகச் சண்டை இழுக்குறாரு" என்றாள். சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். யார் மேலாவது காட்ட வேண்டிய கோபம், கல் மேல் காட்டிக்கொள்ளலாம்.

தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். மூலையில், சிமெண்டிலிருந்து விரல்நகம் அளவுக்கு ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு. விரலை வைத்தேன். வழவழவென்று இருந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினால் ரம்பம் மாதிரிப் பொடிப்பொடியாக அறுத்தது. ஜல்லியில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கை பழக்கம், உளியை வைப்பதற்கு முன் ஆசிட் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விட்டேன்.

சுற்றிலும் இருந்த சிமெண்ட் சொய்யென்று நுரைத்துப் பொங்கியது. நடுவில் அது மட்டும் பொங்கவில்லை. நுரை அடங்கிய பிறகு இன்னும் பளபளப்பாக நின்றது.

சுத்தியல் கையிலேயே இருந்தது. பச்சை டப்பா, கருகிய வேர்க்கடலைத் தோல், இடப்பக்கம் பல், வலப்பக்கம் கல். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு ஆட்டின தலை.

"அத ஒடச்சிடாதப்பா."

வாசலில் இலக்கியா நின்றாள். கையில் டார்ச்.

"உனக்குத் தெரியுமா இது இங்க இருக்கிறது?"

"ம்."

"எப்பலேருந்து?"

"பெட்டியத் தொறந்ததுமே நீ மாத்திட்டன்னு தெரியும். எதுல போட்டன்னு சாயங்காலம் நீதான் சொன்ன."

"ஏன் பாப்பா சொல்லல? கண்காட்சியிலேயே 'எங்கப்பன் மாத்தி வெச்சிட்டான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

"அங்க அத்தன பேருக்கு நடுவுல உன்ன எப்படிக் காட்டிக் குடுக்கிறது? மறுநாள் சார்கிட்ட தனியா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஹெச்செம் ரூம்ல போயி, 'எனக்குத் தெரியாதா'ன்னு கத்திட்டு வந்துட்ட. அதுக்கப்புறம் நான் சொன்னா..." நிறுத்தினாள். "என்னைப் பொய்க்காரின்னு ஸ்கூல்ல மட்டுந்தான் சொல்லுவாங்க. உன்னைப் பாத்து ஊரே சிரிக்கும். நீ வேலை செய்யிற எடத்துலயும் சிரிப்பாங்க."

எனக்கு இதுவரை யார் யார் மேலோ கோபம் வந்திருக்கிறது. இப்படி ஒருத்தன் மேல் வந்ததில்லை. அவனை அடிக்கலாம் என்றால் என் கையாலேயே அடிக்க வேண்டும்.

"நீ எதுக்கு எனக்காகப் பேசாம இருக்கணும்? நான் கேட்டனா?" என்று அவள் மேலேயே கத்தினேன். அதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச்சை அடித்துக் காட்டினாள். "அங்க ஒண்ணு தெரியுது பாரு. இங்க வேர் மட்டும். மீதியெல்லாம் உள்ள போயிருச்சு."

ஜனவரி 26

கொடியேற்றம் முடிந்து மிட்டாயோடு பாப்பா வந்ததும், வாடகைக்கு எடுத்த கட்டிங் மெஷினைப் போட்டேன். பூங்கோதை காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள். வீடெல்லாம் சிமெண்ட் புழுதி. பாத்ரூம் மூலையில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து வந்தது, பல்லோடு.

"நான் சொல்ற எடத்துல மட்டும் அறு" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள் பாப்பா. இந்தத் தடவை வாயில் ஆணி இல்லை.

ஜனவரி 27

சிமெண்ட் துண்டைக் கோணியில் சுற்றி வண்டியில் வைத்து, பிரேயருக்கு முன்னாலேயே போய்விட்டோம். ஆசிரியர் அறையில் மேஜை மேல் வைத்துப் பிரித்தேன். தேவசகாயம் சார் குனிந்தார். விரலால் ஓரத்தைத் தடவினார். முகம் மாறிப்போயிற்று. போனை எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டார். முனையில் சின்னதாக ஒரு முறிவு, படத்திலும் இருந்தது, இதிலும் இருந்தது.

"பல்லுதான்" என்றார், தனக்கே சொல்வது மாதிரி. நான் நடந்ததைச் சொன்னேன். என் முட்டாள்தனத்தில் ஒரு துளி குறைக்காமல் சொன்னேன்.

"சரிங்க, விடுங்க. தெரியாம நடந்துபோச்சு. ஹெச்செம்கிட்ட நான் பேசி லிஸ்ட்டுல பேரச் சேத்துடுறேன். பிரேயர்ல நீ ஒண்ணும் பேச வேணாம்மா. முடிஞ்சிச்சு."

"முடிஞ்சிச்சா?" என்றேன். காதில் இடி ஆரம்பித்துவிட்டது. "பொய்க்காரின்னு சொன்னது அத்தன பேருக்கு நடுவுல. இல்லைன்னு சொல்றது மட்டும் ரூமுக்குள்ள, காதோட காதாவா? நீங்க மைக்ல சொல்லுங்க சார்!"

"அதெல்லாம் எதுக்குங்க? நீங்க பண்ணுன தப்புதான இது?"

அது உண்மை. உண்மை என்பதாலேயே என் கை மேஜையைத் தட்ட எழுந்தது. இலக்கியா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்னிக்கு என்னை மைக்ல நிக்கச் சொன்னீங்க. நான் நிக்கிறேன்" என்றாள்.

அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவர்களே கொடுத்த தண்டனை அது.

தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி எல்லாம் முடிந்தது. பள்ளிக்கூடமே வரிசையில் நின்றது. நான் சிமெண்ட் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொடிக்கம்பத்துப் பக்கம் நின்றேன், புதுக் குழந்தையைத் தூக்கி வந்தவன் மாதிரி.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். "கண்காட்சியில நான் வெச்சிருந்தது பல்லு இல்ல, கல்லு. பேராசிரியர் சொன்னது சரி. எங்கிட்டப் பல்லு இருக்குன்னு நான் சொன்னதும் சரி. எங்கப்பா சுண்ணாம்புக்கல்லப் பாக்குற மாதிரியே பல்லையும் பாத்துட்டாரு. பொங்கலைன்னு ஜல்லியில போட்டுட்டாரு. அது எங்க வீட்டு பாத்ரூம் தளமா ஆயிடுச்சு."

சிரிப்பு. பின்வரிசை வரைக்கும் சிரிப்பு. வாத்தியார்கள் கூட. அவள் அது அடங்குகிற வரைக்கும் நின்றாள்.

"ஆசிட் ஊத்திப் பொங்குனா அது பல்லு இல்ல. பொங்கலைன்னா பல்லா இருக்கலாம், வேற கல்லாவும் இருக்கலாம். நகத்தால கீறிப் பாக்கணும். மேல பளபளப்பு இருக்கா, அடியில வேர் இருக்கான்னு பாக்கணும். ஒரே ஒரு தடவை பாத்துட்டு எதையும் சொல்லக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, தேவசகாயம் சார் பக்கம் திரும்பவே திரும்பாமல் சொன்னாள்: "நடந்தத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. அதுக்கு மன்னிச்சுக்குங்க. பொய் சொன்னதுக்கு இல்ல. நான் பொய் சொல்லல."

அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, கொண்டுவா."

அத்தனை கண்ணும் என் மேல். துண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். யாரோ ஒரு பயல், "பாத்ரூம் மாமா" என்றான். எனக்குக் கேட்டது. காதில் இடித்தது. பல்லைக் கடித்தேன், கடித்துக்கொண்டே நடந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். முதல் வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். நான் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 31

சுரங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இன்ஜினியர் பையன் கூட, "அண்ணே, இந்தக் கல்லு பொங்குமா, கடிக்குமா?" என்று கேட்டான். பாப்பா பயந்தது சரிதான். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், செத்தா போய்விட்டேன்?

பாத்ரூம் தளம் முழுவதும் இப்போது சாக்பீஸ் வட்டங்கள். பல் இருக்கலாம் என்று தோன்றுகிற இடத்திலெல்லாம் இலக்கியா போட்டது. வட்டத்தில் கால் வைக்கக் கூடாது. பூங்கோதை பாண்டி ஆடுகிற மாதிரி தாவித் தாவிக் குளிக்கிறாள். மூலை ஓட்டையை அடைக்க இன்றைக்குச் சின்னப்பன் வந்தார். கலவை போடுவதற்கு முன் ஜல்லியை ஒவ்வொரு கைப்பிடியாக அள்ளிப் பாப்பாவிடம் நீட்டினேன். அவள் பார்த்துத் தலையாட்டினால்தான் சட்டியில் விழும்.

"யோவ், இது சோளமா, சொத்தை பாத்துப் போடுறதுக்கு? விடிஞ்சிரும்யா" என்று கத்தினார் சின்னப்பன்.

"கத்தாதீங்க கொத்தனாரே. வீட்டுல நோட்டு இருக்கு, எழுதுங்க" என்றேன்.

வெள்ளையாகக் கூராக ஒன்று வந்தது. "இது?" என்றேன்.

"கல்லு."

பழுப்பாக ஒன்று. "இது?"

நகத்தால் கீறினாள். திருப்பினாள். "கல்லுதாம்ப்பா."

சென்னைக்குப் போகிற பட்டியலில் பெயர் வந்துவிட்டது. தேவசகாயம் சார் எதிரே பார்த்தால் பல்லைக் காட்டுகிறார். ஆனால் மைக்கில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. அது போதும், விடுப்பா என்கிறாள் இலக்கியா. அவள் விடலாம். பொய்க்காரி என்றதைக் கேட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் பிரேயருக்கு வந்திருந்தார்கள்? எரிமலை செய்த பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம்.

எழுதினால் பாதி இறங்கும் என்றார் டாக்டரம்மா. இறங்கிவிட்டது. அந்தப் பாதி என் மேல் இருந்த கோபம். மைக்கில் வராத அந்த ஒரு வார்த்தைக்கான மற்றப் பாதி என்னிடமே இருக்கட்டும். அது பொங்கவில்லை, அதனால் அதை வேஸ்ட் என்று வீசுவதாக இல்லை.